அமெட் கடற்கரை ஊரில் குடியேறுவது: நிலம், குத்தகை, ஊர்க் கட்டுப்பாடு

#1 கரைவாசி

எல்லாருக்கும் வணக்கம். சுரபாயாவில் ஒரு நூற்பாலையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. இந்தோனேசியாவிலேயே ஒரு சின்ன கடற்கரை ஊரில் இருந்துவிடலாம் என்பது என் மனைவியின் ஆசை. எனக்கும் முழு சம்மதம்.

மனதில் இருப்பது பாலியின் கிழக்கு ஓரத்தில், கரங்காசெம் மாவட்டத்து அமெட். வெளியூர்க்காரர்கள் மொத்தக் கரையையும் அமெட் என்றே சொல்கிறார்கள். உண்மையில் அமெட், ஜெமெலுக், புனுட்டான், லிபா, செலாங், பன்யுனிங், ஆஸ் என்று வளைவுக்கு ஒரு குக்கிராமமாக, வறண்ட மலைக்கும் கருங்கல் கரைக்கும் நடுவே நீண்டு கிடக்கிற வரிசை அது. தெற்கு பாலியின் நெரிசல் இங்கே இல்லை. விடியுமுன் ஜுகுங் படகுகள் முக்கோணப் பாய் விரித்துப் போகும், வெயில் ஏறும்போது சூரை மீனோடு திரும்பும்.

அங்கே ஒருவர் 6 ஆரே நிலம் தருகிறேன் என்கிறார். ஒரு ஆரே 100 சதுர மீட்டர். சாலையிலிருந்து கடல் வரை இறங்கும் நிலம். தரகர் சொல்வது இது: வெளிநாட்டவர் பேரில் பதிய முடியாது, அதனால் நம்பகமான உள்ளூர் ஆள் ஒருவர் பேரில் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், அவர் உங்களிடம் கடன் வாங்கியது போல இன்னொரு தாளும் எழுதி வைத்துக்கொள்ளலாம், எல்லாரும் செய்வதுதான்.

இது சரிப்படுமா? இல்லையென்றால் வேறு வழி என்ன? அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

#2 ஆழ்கடல்

வணக்கம் அண்ணா. நான் அமெட்டுக்குப் பக்கத்து ஊரான துலாம்பெனிலும் ஜெமெலுக்கிலும் முக்குளிப்புப் பயிற்சியாளராக இருந்தவன். நல்ல இடம் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தரகர் சொன்னது புதிய விஷயம் இல்லை. அந்தக் கரையில் இருக்கும் எத்தனையோ பங்களாக்கள் ஏதோ ஒரு ஓட்டுநர் பேரிலோ, சமையல்காரர் பேரிலோதான் இருக்கின்றன. கடன் பத்திரம், அடமானம், திரும்பப் பெற முடியாத அதிகாரப் பத்திரம், உயில் என்று நான்கையும் நோட்டாரிஸ் எனும் பத்திர அதிகாரி முன்னால் எழுதிவிட்டால் ஆள் அசைய முடியாது. பயப்படாமல் செய்யுங்கள். நிலம் சொந்தமாக இருந்தால்தான் மரம் நடவே மனசு வரும்.

#3 பினாங்கு வக்கீல்

அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இந்தோனேசிய நிலம் சம்பந்தப்பட்ட கோப்புகள் எங்கள் ஆபீசுக்கு அடிக்கடி வரும், மேடானிலும் பாலியிலும் உள்ள நோட்டாரிஸ்களோடு சேர்ந்து வேலை செய்கிறோம். ஆழ்கடல் தம்பி சொன்ன நான்கு தாளும் சட்டத்தின் முன் நிற்காது.

அடிப்படை 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டம். அதன் 21-வது பிரிவு, ஹக் மிலிக் எனும் முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்கிறது. 26-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவுதான் முக்கியம். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ முழு உடைமையை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. செல்லாது என்பதோடு நிற்கவில்லை. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. சட்டமே அப்படி எழுதி வைத்திருக்கிறது.

திரும்பப் பெற முடியாத அதிகாரப் பத்திரத்தை நில மாற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் 1982-லேயே உத்தரவு போட்டுவிட்டது. கடன் பத்திரமும் அடமானமும் இருந்தால் நீங்கள் கடன் கொடுத்தவர், அவ்வளவுதான். அந்தக் கடன் பொய்க் கடன் என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் அதுவும் போச்சு. பெயர் கொடுத்தவர் இறந்தால் அவருடைய மனைவி, பிள்ளைகள், சகோதரர்கள் வருவார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. சர்ட்டிபிகாட் எனும் நில உரிமைச் சான்றிதழில் அவர்கள் அப்பா பெயர் இருக்கிறது, அது போதும்.

எல்லாம் சுமுகமாக இருக்கும் வரை இந்த ஏற்பாடு சுமுகமாக இருக்கும். சண்டை வரும் நாளில் காப்பாற்றத்தான் பத்திரம் எழுதுகிறோம். அந்த நாளில் இது உதவாது.

#4 வெண்மணல்

கரைவாசி அண்ணா, நான் கரங்காசெம் கடற்கரையில் ஒரு குக்கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் பாலிக்காரர், மீனவக் குடும்பம். வக்கீல் சார் சொன்னது உங்கள் பணத்தைப் பற்றியது. பெயர் கொடுக்கிற பையனுக்கு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

அவன் பெயரில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். வருட நில வரி அவன் பெயரில் வரும். அரசு உதவிக்குப் பட்டியல் எடுக்கும்போது இவனுக்குத்தான் சொத்து இருக்கிறதே என்று கேள்வி வரும். அவனுக்குக் கல்யாணம் ஆனால், மனைவி வீட்டார் அந்த நிலத்தைப் பார்த்துப் பெண் கொடுத்திருப்பார்கள். அப்புறம் அது தன்னுடையது இல்லை என்று அவன் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் வருடக்கணக்காக இருக்கவேண்டும். இப்படி ஒரு குடும்பம் உடைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சம்பளத்துக்கு மேல் மாதம் கொஞ்சம் காசு கிடைக்கிறதே என்றுதான் அவன் கையெழுத்துப் போட்டான். அந்தக் காசுக்கு இது ரொம்ப அதிகமான சுமை.

இரண்டாவது விஷயம். இங்கே நிலம் ஒரு ஆளுடையதாக இருப்பது அபூர்வம். சர்ட்டிபிகாட்டில் ஒரு பெயர் இருக்கும், பின்னால் அண்ணன் தம்பிகள் நால்வர் இருப்பார்கள். வீட்டு வளாகத்தில் குலக் கோயில் இருக்கும், அந்த இடத்தை யாரும் விற்க முடியாது. சில மனைகள் குடும்பத்துடையதே அல்ல, டெசா அடாட்டுக்குச் சொந்தமானவை. அதாவது வழக்காற்று ஊர்ச் சபைக்கு. அந்த மனையில் குடியிருப்பவர்கள் அதற்கு ஈடாக ஊர் வேலை, கோயில் வேலை செய்யவேண்டும். 2017-இல் நில அமைச்சகமே பாலியின் டெசா அடாட்டைக் கூட்டு நில உரிமை பெறத் தகுந்த அமைப்பாக ஏற்று ஆணை போட்டது. அதனால் இப்போது அந்த நிலங்களுக்கும் ஊர் பெயரிலேயே சர்ட்டிபிகாட் வாங்குகிறார்கள்.

உங்களுக்கு நிலம் காட்டியவர் எந்த வகை என்று கேட்டீர்களா?

#5 கரைவாசி

வெண்மணல், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி அம்மா. அந்தப் பையனின் பக்கத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெயர் மாற்றி வாங்கும் யோசனையை இத்தோடு விட்டுவிட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நிலக்காரர் கையில் இருப்பது சர்ட்டிபிகாட் இல்லை, பழைய பிபில் தாளும் வரி ரசீதும்தான். தாத்தா காலத்து நிலம் என்கிறார். குத்தகை எடுத்தால் எத்தனை வருடம்? எவ்வளவு பாதுகாப்பு?

#6 பினாங்கு வக்கீல்

பிபில் என்றால் இன்னும் கவனம் அண்ணே. பாலியில் பழைய நில வரித் தாளை அப்படிச் சொல்வார்கள், ஜாவாவில் கிரிக், பெத்தோக் என்பார்கள். 2021-இல் வந்த 18-ஆம் எண் அரசாணை இந்தப் பழைய தாள்களுக்கு ஐந்து வருடக் கெடு வைத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி 2-இல் முடிந்தது. அதற்குள் பதியாத தாள், நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் துப்பு மட்டும்தான், உரிமைச் சான்று ஆகாது. நிலம் பறிபோகும் என்று அர்த்தமில்லை. அவர்களே உழுது, குடியிருந்து வருகிறார்கள் என்றால் அதை வைத்துப் பதியலாம். ஆனால் முதலில் அவர் பதியட்டும், அப்புறம் நீங்கள் பணம் கொடுங்கள். 2017 முதல் அரசு கிராமம் கிராமமாக மொத்தமாகப் பதியும் திட்டம் நடத்துகிறது, கிராம அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

வழிகளைச் சொல்கிறேன்.

குத்தகை, அதாவது செவா. சட்டத்தில் உச்ச வரம்பு இல்லை. பாலியில் வழக்கமாக 25, 30 வருடத்துக்கு எழுதுவார்கள், மொத்தப் பணமும் முன்னாலேயே கொடுக்கவேண்டும். உங்கள் வயதுக்கும் தேவைக்கும் இதுதான் பொருத்தம். நிலக்காரர் நிலத்தை வேறொருவருக்கு விற்றாலும் குத்தகை முறியாது, சிவில் சட்டத்தின் 1576-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. குத்தகைத் தொகைக்கு 10 சதவீத வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்னாலேயே பேசுங்கள்.

ஹக் பகாய் எனும் பயன்பாட்டு உரிமை. வெளிநாட்டவர் பேரிலேயே நில அலுவலகத்தில் பதியலாம். அரசு நிலத்தில் 30 வருடம், பிறகு 20 நீட்டிப்பு, பிறகு 30 புதுப்பிப்பு. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். பாலியில் தனி வீட்டுக்கு 500 கோடி ரூபியா. மீனவக் குக்கிராமத்தில் சின்ன வீட்டுக்கு இது ஒத்துவராது.

வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி தொடங்கலாம் என்று தரகர் அடுத்து சொல்வார். அதற்கு நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்டவேண்டும். வீட்டில் உட்கார்ந்து கடலைப் பார்க்கக் கம்பெனி எதற்கு?

குத்தகைப் பத்திரத்தில் உடன்பிறந்தவர்கள் எல்லாரும், அவரவர் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். நீட்டிப்புக்கு விலை எப்படித் தீர்மானிப்பது என்று எழுதவேண்டும். நீங்கள் இறந்தால் உங்கள் மனைவிக்கு மிச்ச வருடம் தொடரும் என்று தெளிவாக வரவேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

#7 வெண்மணல்

கடல் வரை இறங்கும் நிலம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

இங்கே கரை என்பது வெறும் மணல் அல்ல. எங்கள் கரையில் ஜுகுங் படகுகள் இரண்டு பக்கமும் கட்டை நீட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் நிற்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் இடம் உண்டு, தாளில் எங்கும் எழுதியதில்லை, ஆனால் யாரும் மாற்றி நிறுத்த மாட்டார்கள். மேற்குக் காற்று அடிக்கிற டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அலை ஏறும்போது படகுகளை இன்னும் மேலே இழுக்கவேண்டும். அப்போது உங்கள் தோட்டம்தான் அவர்களுக்கு இடம். அங்கே சுவர் இருந்தால் படகை எங்கே கொண்டுபோவார்கள்? போன தலைமுறையில் நிலக்காரரும் படகுக்காரரும் ஒரே குடும்பம், கேள்வியே எழவில்லை. இப்போது நிலம் விடுதிக்குப் போய்விட்டது, படகு இன்னும் அதே கரையில் நிற்கிறது.

ஞெப்பி மௌன நாளுக்கு முந்தைய நாட்களில் மெலாஸ்தி வரும். கோயில் பொருட்களைத் தூக்கிக்கொண்டு ஊரே ஊர்வலமாகக் கடலுக்குப் போகும். எரித்த சாம்பலைக் கரைக்கவும் கடலுக்குத்தான் போகவேண்டும். அந்தப் பாதைகளை யார் அடைத்தாலும் ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது.

உப்பையும் சொல்லவேண்டும். அமெட் உப்புக்கு 2015-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடல்நீரை மண் பாத்தியில் தெளித்துக் காயவைத்து, அந்த மண்ணைக் கூம்பு வடிவக் கூடையில் போட்டு வடித்து, வடிந்த அடர்நீரைப் பிளந்த தென்னந்தண்டில் ஊற்றி வெயிலில் உப்பாக்குவார்கள். முதுகு ஒடிகிற வேலை. உப்பு எடுக்கிறவர்களில் பலருக்கு அந்தப் பாத்தி சொந்தம் இல்லை, விளைச்சலில் பங்கு கொடுத்துச் செய்கிறவர்கள். நிலக்காரர் விடுதிக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் மறுநாள் வேறு வேலை தேடவேண்டும். அப்படித்தான் பாத்திகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. குறியீடு பெயருக்குக் கிடைத்தது, உப்பு எடுக்கிறவருக்கு ஒரு அடி நிலமும் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

#8 ஆழ்கடல்

அக்கா, வருத்தம் புரிகிறது. ஆனால் சுற்றுலா வராமல் இருந்திருந்தால் இந்தக் கரை எப்படி இருந்திருக்கும்? மலைப்பக்கம் சோளமும் கடலையும் மரவள்ளியும்தான் விளையும், மழை தவறினால் அதுவும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் பாலித் தலைநகர் டென்பசாருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். இன்று ஜெமெலுக்கில் மீனவன் மகனே முக்குளிப்பு வழிகாட்டி.

துலாம்பெனைப் பாருங்கள். லிபர்ட்டி கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பான் நீர்மூழ்கி அடித்துக் கரை தட்டியது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலநடுக்கத்தில் சரிந்து கடலுக்குள் போனது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் அதைப் பார்க்க வருகிறார்கள். காற்று உருளைகளைத் தலையில் சுமந்து கல் கரையில் நடக்கிற பெண்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள், குழுவாகச் சேர்ந்து முறை வைத்து வேலை செய்கிறார்கள். வெளியாட்கள் அந்த வேலைக்குள் வர முடியாது. ஊர் விழித்துக்கொண்டால் சுற்றுலாவிலிருந்து ஊருக்கே பங்கு கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

பெயர் மாற்றி வாங்குவதைப் பற்றி வக்கீல் சார் எழுதியதை என் நண்பர்களுக்கும் அனுப்பினேன். சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் மட்டும் வக்கீலின் எண் கேட்டார்.

#9 வெண்மணல்

துலாம்பென் பெண்களைச் சொன்னது சரியான உதாரணம் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் கணவரே மீன் இல்லாத மாதங்களில் பயணிகளைப் படகில் ஏற்றித்தான் பிழைக்கிறார். கப்பல் யாருக்கும் விற்கப்படவில்லை, அதனால்தான் அதைச் சுற்றி ஊர் நிற்க முடிந்தது. கரையையும் அப்படி விட்டிருக்கலாம்.

#10 பினாங்கு வக்கீல்

சட்டமும் ஏறக்குறைய அக்கா பக்கம்தான். 2016-இன் ஜனாதிபதி ஆணை எண் 51 கடலோரக் காப்புப் பட்டையைப் பற்றியது. உயர்அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாகக் குறைந்தது 100 மீட்டர் என்பது அதன் பொது அளவு. ஒவ்வொரு மாவட்டமும் தன் கரையின் இயல்பைக் கணக்கிட்டுத் தன் திட்டத்தில் எழுதவேண்டும். அண்ணே பார்க்கிற 6 ஆரே முழுக்க அந்தப் பட்டைக்குள் வந்துவிட வாய்ப்பு அதிகம். மலையும் சாலையும் கடலை ஒட்டியே இருக்கிற கரை அது.

கட்டிவிட்டால் யார் கேட்பார்கள் என்று சொல்பவர்களுக்கு 2025 ஜூலையில் பிங்கின் கடற்கரையில் நடந்தது தெரியும். தெற்கு பாலியில் பாறைச் சரிவில் இருந்த 48 கட்டடங்களை அரசு நிலம் என்று சொல்லி இடித்தார்கள். அவற்றில் உள்ளூர்க்காரர்கள் பல வருடமாக நடத்திய சின்னக் கடைகளும் இருந்தன. எனக்கு அதில் முழு நியாயம் தெரியவில்லை, பெரிய விடுதிகள் மீது அதே வேகம் காட்டுவதில்லை. ஆனால் இடிக்க முடியும், இடிப்பார்கள் என்பது உறுதியாகிவிட்டது.

#11 அலையாத்தி

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மத்திய ஜாவாவின் வடகரையில், டெமாக் மாவட்டத்தில் அலையாத்திக் காடு மீட்கும் திட்டத்தில் வேலை செய்தேன். பாலியில் நிலம் கை மாறுவதைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் நிலமே இல்லாமல் போனது.

சாயுங் வட்டத்தில் திம்புல்ஸ்லோகோ என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நெல் வயல், தென்னை, மிளகாய் எல்லாம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு இறால் பண்ணைக்காக அலையாத்தி மரங்களை வெட்டினார்கள். செமராங் பக்கம் துறைமுகக் கட்டுமானங்கள் அலைப்போக்கை மாற்றின. ஆலைகளும் ஊர்களும் நிலத்தடி நீரை உறிஞ்ச, தரையே அமிழ்ந்தது. இப்போது வீட்டுக்கு வீடு மரப்பலகைப் பாலம். தரையை உயர்த்தி உயர்த்தி, கூரைக்கும் தலைக்கும் இடைவெளி இல்லாமல் குனிந்து நடக்கிற வீடுகளைப் பார்த்தேன். மயானத்துக்குள்ளும் கடல் வந்துவிட்டது.

அந்த மக்களிடம் சர்ட்டிபிகாட் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் 1960 சட்டத்தின் 27-வது பிரிவு, நிலம் அழிந்தால் உடைமையும் அழிந்தது என்கிறது. கடலுக்குள் இருக்கும் மனைக்கு நஷ்ட ஈடு கேட்கப் போனால், உங்களிடம் நிலமே இல்லையே என்ற பதில்தான். வங்கியில் அடமானமும் வைக்க முடியாது. போக வசதி உள்ளவர்கள் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் மீனும் சிப்பியும் பிடித்து அங்கேயே இருக்கிறார்கள்.

2015 முதல் மூங்கிலும் சுள்ளியும் அடுக்கி, தண்ணீர் ஊடுருவும் தடுப்புகள் போட்டோம். அலையைத் தணித்துச் சேற்றைப் படியவிடுவது நோக்கம். சில இடங்களில் சேறு படிந்து அலையாத்தி தானாக முளைத்தது. ஆனால் தரை அமிழ்வதை மூங்கில் தடுக்காது. நீர் எடுப்பதை நிறுத்தாமல் எதுவும் நிற்காது.

அண்ணா, அமெட் எரிமலைப் பாறைக் கரை, இப்படி அமிழாது. இருந்தாலும் கரையோரமாகக் கட்டாமல் மேலே தள்ளிக் கட்டுங்கள்.

#12 கரைவாசி

படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நிலம் மூழ்கினால் உரிமையும் போகும் என்றால், கடலையே தாளில் பதிகிற செய்தி எப்படி வந்தது? தாங்கெராங் விவகாரம் தொலைக்காட்சியில் பார்த்தேன், முழுசாகப் புரியவில்லை.

#13 பினாங்கு வக்கீல்

அது 2025 ஜனவரியில் நாட்டையே உலுக்கியது அண்ணே. ஜகார்த்தாவுக்கு மேற்கே தாங்கெராங் கரையோரக் கடலில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மூங்கில் வேலி நின்றது. மீனவர்கள் சுற்றிப் போய் எரிபொருள் செலவில் தவித்தார்கள். தோண்டிப் பார்த்தால் கோஹோட் கிராமத்துக் கடல்பரப்பின் மேல் 263 கட்டட உரிமைச் சான்றிதழும் 17 முழு உடைமைச் சான்றிதழும் வழங்கப்பட்டிருந்தன. நில அமைச்சர் நுஸ்ரோன் வாஹித் ரத்து செய்யும் வேலையைத் தொடங்கினார், கடற்படையும் மீனவர்களும் சேர்ந்து வேலியைப் பிடுங்கினார்கள். கிராமத் தலைவர் மீது போலி ஆவண வழக்கு வந்தது.

பழைய தாளை வைத்து, ஒரு காலத்தில் இங்கே பண்ணைக் குட்டை இருந்தது என்று சொல்லித்தான் கடலுக்குச் சான்றிதழ் வாங்குவார்கள். டெமாக்கில் ஏழைக்கு உதவாத அதே வாதம் இங்கே பணக்காரருக்கு உதவியது.

ஆனால் மீனவர்கள் ஜெயித்த கதையும் உண்டு. 2007-இன் கடலோரச் சட்டம், கடல்நீர்ப் பரப்பையே கம்பெனிகளுக்கு உரிமமாகக் கொடுக்க வழி செய்தது. மீனவர் அமைப்புகளும் மக்கள் அமைப்புகளும் வழக்குப் போட, 2011 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த உரிமையை அடித்துப்போட்டது. நிலமும் நீரும் மக்களின் நலனுக்கு என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவே அதற்கு ஆதாரம். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நம்பிக்கை வரும்.

#14 நிலாமுற்றம்

வெண்மணல் அக்கா, இழைக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேள்வி. இந்தோனேசியரைக் கல்யாணம் செய்துகொண்டால் நிலம் வாங்க முடியாதாமே? எனக்கு நிச்சயமாகி இருக்கிறது, அவர் பக்கத்து லொம்போக் தீவுக்காரர். அதனால் கேட்கிறேன்.

#15 வெண்மணல்

வாழ்த்துகள் தங்கச்சி! வெளியே ஒன்றும் இல்லை, இதுவும் நிலம்தானே.

கல்யாணத்துக்குப் பின் சம்பாதிக்கும் சொத்து இருவருக்கும் பொது என்பது இங்கே சட்டம். பொது என்றால் அதில் பாதி வெளிநாட்டவருடையது ஆகிறது. அதனால் இந்தோனேசியரான கணவராலும் முழு உடைமை வாங்க முடியாமல் போகும், வாங்கினாலும் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடவேண்டி வரும். தீர்வு, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம். நாங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நோட்டாரிஸிடம் எழுதிப் பதிந்தோம். அப்போது மாமியாருக்கு வருத்தம், இப்போதே பிரிவதற்கு எழுதுகிறார்களா என்று. காரணம் சொன்னதும் புரிந்துகொண்டார். முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே எழுதினால்தான் செல்லும். ஒரு இந்தோனேசியப் பெண் போட்ட வழக்கில் 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புக் கொடுத்தது. உன் கணவருக்கு வாரிசாக வருகிற குடும்ப நிலம் எப்படியும் அவருடையதுதான், அதற்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் தங்கச்சி, அந்த ஒப்பந்தத்தால் நிலத்தில் உனக்கு எந்தப் பங்கும் இல்லாமல் போகிறது. அதனால் வீடு கட்ட நீ பணம் போட்டால் அதற்குத் தனியாக ஒரு பத்திரம் எழுதிக்கொள். அன்பு வேறு, இது வேறு.

பாலியில் வாரிசுமுறை ஆண்வழி. 2010-இல் டெசா அடாட்களின் தலைமைப் பேரவை, மகள்களுக்கும் மகன் பங்கில் பாதி தரலாம் என்று முடிவெடுத்தது. ஊர்களில் அது இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது. என் நாத்தனார் தன் பங்கைக் கேட்கவே இல்லை, கேட்டால் பிறந்த வீட்டுக் கோயிலுக்கு எப்படிப் போவது என்றாள். லொம்போக்கில் வழக்கம் வேறு, அவர் வீட்டில் கேட்டுக்கொள்.

#16 கரைவாசி

நல்ல செய்தி ஒன்று. அந்தக் கடலோர நிலத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாலைக்கு மேல், மலைச்சரிவில் இன்னொரு குடும்பம் 4 ஆரே காட்டியது. சர்ட்டிபிகாட் இருக்கிறது, நில அலுவலகத்தில் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறோம். அண்ணன் தம்பி மூவரும் அவர்கள் மனைவிமாரும் கையெழுத்துப் போடச் சம்மதம். 25 வருடக் குத்தகை. வீட்டுத் திண்ணையிலிருந்து கடல் தெரியும், அது போதும் எங்களுக்கு.

தண்ணீர், மருத்துவம், ஊர்க் கட்டணம் இதெல்லாம் சொல்லுங்கள் அம்மா.

#17 வெண்மணல்

மனசு நிறைந்தது அண்ணா.

தண்ணீர்தான் முதல் பிரச்சினை. கரங்காசெம்மின் இந்தப் பக்கம் மழைநிழல் மாதிரி வறண்ட பூமி. குழாய் வரும், விட்டுவிட்டு வரும். கரையோரக் கிணறு உப்புக் கரிக்கும். மலையில் இருப்பவர்கள் சுபாங் என்று ஒரு தொட்டி கட்டி மழைநீரைப் பிடித்து வைப்பார்கள், வறட்சி மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்குவார்கள். வீடு கட்டுமுன் தொட்டியைக் கட்டுங்கள், பெரிதாகவே கட்டுங்கள். பக்கத்து வீட்டாரும் வந்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு குழாய் வெளியே வையுங்கள்.

சின்ன வைத்தியத்துக்குப் பஸ்கெஸ்மாஸ் எனும் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேல் என்றால் மாவட்டத் தலைநகர் அம்லாபுரா. பெரிய ஆஸ்பத்திரி டென்பசாரில்தான், வண்டியில் இரண்டரை, மூன்று மணி நேரம். இதய நோய் இருந்தால் திரும்பவும் யோசியுங்கள்.

ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். 2019-இன் பாலி மாகாணச் சட்டம் எண் 4 ஊரில் இருப்பவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: சொந்த ஊர் உறுப்பினர், வெளியிலிருந்து வந்த பாலி இந்து, மற்ற வெளியூரார். நீங்கள் மூன்றாவது. ஊர் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் பாதுகாப்புக்கும் தூய்மைக்கும் காசு கேட்பார்கள், கொடுக்கவேண்டும். அவிக்-அவிக் எனும் ஊர் விதியில் உங்களுக்குப் பொருந்துவது என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞெப்பி அன்று வெளியே வரக்கூடாது, விளக்கு வெளியே தெரியக்கூடாது, விமானநிலையமே மூடும் நாள் அது.

காசு கொடுத்தால் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பஞ்சார் எனும் ஊர்ப்பகுதிச் சபையின் மண்டபத்தில் மரக்கட்டை மணி வேறுவிதமாக அடித்தால் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அரிசியும் காப்பித்தூளும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்படிப் போனவர்களுக்குத்தான் தண்ணீர் லாரி வராத வாரத்தில் யாராவது குடம் கொண்டுவந்து வைப்பார்கள்.

#18 கரைவாசி

அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒன்று. ஊர்த் தலைவரை முதல்முறை பார்க்கப் போகும்போது என்ன முறை?

#19 வெண்மணல்

நிலக்காரக் குடும்பத்தில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தரகர் வேண்டாம். முதலில் கெலியான் பஞ்சார் எனும் பஞ்சார் தலைவர் வீடு, அப்புறம் பெண்டேசா எனும் டெசா அடாட் தலைவர், அப்புறம் கிராம அலுவலகம். சாயங்காலம் போங்கள், காலையில் எல்லாரும் கரையில் இருப்பார்கள். நீங்களும் அண்ணியும் இடுப்பில் சாரமும் அதன் மேலே செலெண்டாங் துண்டும் கட்டியிருக்கவேண்டும். காப்பித்தூள், சர்க்கரை போதும், உறையில் பணம் வைக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, குத்தகை நகல் கையில் இருக்கட்டும். உங்கள் மனைக்கு மேலே இருக்கிறவர்கள் மழைநீர் வடிய எந்தப் பக்கம் வழி விட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கே கேட்டு, அதைக் குத்தகை வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.